செம்மண் சாலைக்கு வரப்போகும் எம்எக்ஸ்-5: வெளியே என்ன நிறம், உள்ளே என்ன நிறம்?

தம்பி கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் தொடர்ந்து படிக்க வசதியாக இருக்கும். வீடு சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில், வேலை ஈப்போவில். பல வருடம் சேர்த்த காசில் ரீகோண்ட், அதாவது வெளிநாட்டில் ஓடி இறக்குமதியான, மாஸ்டா எம்எக்ஸ்-5 ஆர்எஃப் ஒன்று வாங்கப் போகிறார். கடையில் மூன்று நிற்கின்றன. ஒன்று சிவப்பு, உள்ளே கறுப்பு. இன்னொன்று அடர் சாம்பல், உள்ளே பழுப்புத் தோல். மூன்றாவது முத்து வெள்ளை, உள்ளே கறுப்பு. அவருக்கு மனம் சிவப்பின் மேல். அம்மா சிவப்பு வேண்டாம் என்கிறார். நண்பர்கள் வெள்ளை எடுத்தால்தான் மறுபடி விற்க முடியும் என்கிறார்கள். வீட்டில் கார் நிற்கப்போவது திறந்த வெளியில், மாமரத்துக்குப் பக்கத்தில். எது அழகு என்றுதான் கேட்டிருக்கிறார். ஆனால் சாலையையும் வீட்டையும் இவ்வளவு விவரமாக எழுதியிருப்பதைப் பார்த்தால், ஐந்து வருடம் கழித்து அந்தக் கார் எப்படி இருக்கும் என்ற கவலைதான் அவருக்குப் பெரிதாக இருக்கிறது. நான் அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் கார் சாயம் அடிப்பவன். ஈப்போவில் ஒரு பட்டறையில் தேய்ப்பு வேலையில் சேர்ந்து, பிறகு நிறம் கலக்கும் வேலைக்கு வந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக அதே தொழில்தான். அதனால் வெளி நிறத்தைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். உள்பக்கத் தோல், துணி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்துக் குஷன் கடைக்காரரோடு பழகிக் கற்றது, வாடிக்கையாளர் கார்களில் பார்த்தது. மறுவிற்பனை விலையில் எனக்குத் தொழில் அனுபவம் கிடையாது. அந்த இடத்தில் என் சொல்லை ஒரு சாதாரண ஆளின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் வெளி நிறத்தில்தான் தொடங்குவார்கள். நான் உள்ளேயிருந்து தொடங்கச் சொல்வேன். வெளி நிறத்தை நீங்கள் காருக்கு நடந்து போகும் போதும், இறங்கித் திரும்பிப் பார்க்கும் போதும்தான் காண்பீர்கள். உள்ளே இருக்கும் நிறத்தோடு தினமும் ஈப்போவுக்குப் போய்வர வேண்டும். அதோடு வெளியே பிடிக்காமல் போனால் மேலே ஒட்டுப்படம் ஒட்டியாவது மாற்றலாம். உள்ளே இருக்கை, கதவுப் பலகை, தரைவிரிப்பு என்று நிறத்தை மாற்றப் போனால் செலவும் கூடும், கம்பெனியில் இருந்து வந்த மாதிரி அமைவதும் அரிது.

எம்எக்ஸ்-5 ஆர்எஃப் என்றால் மேல்கூரை மடங்கும் கார். கூரை திறந்திருக்கும்போது வெயில் நேராக இருக்கையில் விழும். நம் பேராக் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். மதியத்தில் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். கறுப்புத் தோல் அந்த வெயிலை விழுங்கிக்கொள்ளும். கடையில் அரை மணி திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் தொடை சுடும். பழுப்புத் தோல் குளிர்ச்சியாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன், அதுவும் சுடும், ஆனால் கறுப்பை விடக் குறைவு. வெளுத்த நிறம் இன்னும் குறைவு. அதற்காக வெள்ளைத் தோல் தேடிப் போகவேண்டாம். புது ஜீன்ஸின் நீலச் சாயம் வெள்ளைத் தோலில் ஏறிவிடும், உடனே துடைக்காவிட்டால் பிறகு முழுக்கப் போகாது. டேஷ்போர்டு மட்டும் கறுப்பாகவோ மிக அடர்ந்த நிறமாகவோ இருக்கட்டும். வெளுத்த டேஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். இந்தக் காரைப் போலக் கண்ணாடி சாய்ந்திருந்தால் அது ரொம்பவே தொந்தரவு. டேஷ்போர்டு பளபளக்க ஏதாவது தடவுவதும் அதே தொல்லைதான். ஆக, கறுப்பு டேஷ்போர்டும் பழுப்பு இருக்கையும் சேர்ந்த ஜோடி நம் ஊருக்கு மிகப் பொருந்தும்.

இன்னொன்று. இந்தக் காரில் இருப்பது இரண்டே இருக்கை. உங்கள் பக்கத்தில் பாதி நேரம் அம்மாதான் உட்காரப் போகிறார். கல்லுமலைக் கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது விபூதி, குங்குமம், சந்தனம், தலையில் பூ, தேங்காய் எண்ணெய் எல்லாம் சேர்ந்துதான் ஏறும். குஷன் கடைக்காரர் எனக்குச் சொன்னது இது. விபூதி விழுந்தால் ஈரத்துணியால் தேய்க்கக் கூடாது, காய்ந்தபடியே மென்மையான தூரிகையால் தட்டி உறிஞ்சி எடுக்கவேண்டும். ஈரம் பட்டால் தோலின் வரிகளுக்குள் இறங்கிவிடும். கறுப்புத் தோலில் விபூதி பளிச்சென்று தெரியும், பழுப்பில் அவ்வளவாகத் தெரியாது. குங்குமமும் செம்மண்ணும் பழுப்பில் அடங்கிப்போகும். மஞ்சள் கறை வெளுத்த தோலில் முதலில் பயமுறுத்தும், ஆனால் அது வெயில் பட்டால் மங்கக்கூடிய நிறம். எண்ணெய்தான் உண்மையில் கெடுதல். தலை சாயும் இடத்தில் மாதம் ஒருமுறை மிதமான சோப்பு நீர் தொட்டுத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஆல்கன்டாரா என்ற மெல்லிய மயிர்த்துணி பதித்த ஸ்டியரிங்கோ இருக்கையோ உள்ள காரை யாராவது காட்டினால் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்பேன். பார்க்க அழகுதான். ஆனால் அது பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் கலந்த இழை. கை வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து அந்த மெல்லிய மயிர் அமுங்கி, நம் ஈரப்பதத்தில் சீக்கிரமே வழவழவென்று ஆகிவிடும்.

பூஞ்சணத்தையும் சொல்லவேண்டும். வார நாளில் மோட்டாரில் வேலைக்குப் போய், சனி ஞாயிறு மட்டும் காரை எடுப்பவர் நீங்கள் என்றால், மழைக்காலத்தில் மூடியே கிடக்கும் காரின் தோலில் வெள்ளைப் புள்ளிகள் வரும். கறுப்பில் உடனே தெரியும். அதைக் குறை என்று நினைக்காதீர்கள், சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் துடைப்போம். பழுப்பில் தெரியாமல் பரவும். எந்த நிறமானாலும் வாரம் ஒருமுறை கண்ணாடியை இறக்கி ஓட்டிக் காற்று படவிடுங்கள்.

சரி, வெளியே வருவோம். வெயிலில் எந்த நிறம் எவ்வளவு சூடாகும் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான இரண்டு ஹோண்டா சிவிக் கார்களை, ஒன்று கறுப்பு ஒன்று சில்வர், வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். கறுப்புக் காரின் கூரை 25 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாகச் சுட்டது. ஆனால் உள்ளே இருந்த காற்றில் வித்தியாசம் 5 முதல் 6 டிகிரிதான். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தகடு அவ்வளவு சுட்டும் உள்ளே அவ்வளவு ஏறாததற்குக் காரணம், காருக்குள் வரும் வெப்பத்தில் பெரும்பங்கு கண்ணாடி வழியாக வருகிறது. அதனால் வெள்ளைக் கார் வாங்கிவிட்டோம், இனி ஏசி உடனே குளிரும் என்று நம்பவேண்டாம். கண்ணாடியில் நல்ல வெப்பத்தடுப்புத் தாள், அதாவது டின்டட், ஒட்டுங்கள். சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், ஆகவே ஒட்டும் தாள் கறுப்பாக இருந்தால்தான் வெப்பத்தைத் தடுக்கும் என்பது தவறு. நம் நாட்டு விதி 2019இல் இருந்து முன்கண்ணாடி 70 விழுக்காடு, ஓட்டுநர் பக்கமும் அதன் எதிர்ப்பக்கமும் 50 விழுக்காடு வெளிச்சம் விடவேண்டும் என்கிறது. அந்த அளவுக்குள்ளேயே நன்றாக வெப்பம் தடுக்கும் தாள் கிடைக்கிறது.

தகடு சுடுவது வேறொரு காரணத்துக்காக முக்கியம். பறவை எச்சம். மாமரத்துப் பக்கம் நிற்கும் கார் இதிலிருந்து தப்பாது. எச்சம் சாயத்தை அரிப்பதை எல்லாரும் அமிலம் என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்கள். வெயிலில் மேல்பூச்சு இளகி விரிகிறது, எச்சம் காய்ந்து கெட்டியாகிறது, சாயங்காலம் குளிரும்போது மேல்பூச்சு அந்தக் கெட்டியான எச்சத்தின் வடிவத்திலேயே சுருங்கிப் படிந்துவிடுகிறது. துடைத்த பிறகும் தெரியும் தழும்பு அதனால் வருவது. தகடு எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும். அடர் சாம்பலும் கறுப்பும் இதில் பலவீனம், வெள்ளைதான் தாங்கும், சிவப்பு நடுவில். பக்கத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இருந்தால் காய் வெடித்துக் கொட்டை தெறிக்கும் மாதங்களில் காரை அங்கே விடாதீர்கள். எம்எக்ஸ்-5இன் போனட் அலுமினியம். நசுங்கினால் தட்டிச் சரிசெய்வது இரும்புத் தகட்டைவிடச் சிரமம்.

தூசிக்கு வருகிறேன், நம் ஊருக்கு இதுதான் தனிக் கணக்கு. சுங்கை சிப்புட்டில் இருந்து ஈப்போ போகிறவருக்கு இரண்டு வகைத் தூசி. தோட்டத்து உள்சாலையில் செம்மண். காந்தான் பக்கம் வந்தால் சுண்ணாம்புக்கல் உடைக்கும் இடங்களில் இருந்து வரும் வெளிர் தூசி. செம்மண்ணை மறைக்கும் நிறம் சுண்ணாம்பைக் காட்டிக்கொடுக்கும், சுண்ணாம்பை மறைக்கும் நிறம் செம்மண்ணைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளைக் காரில் டயருக்குப் பின்னாலும் கதவுக்குக் கீழேயும் செம்மண் சிதறல் கண்ணை உறுத்தும், மழை பெய்தால் கோடு கோடாக வழிந்து காயும். அதில் இரும்பு ஆக்சைடு இருப்பதால் பல வாரம் விட்டுவிட்டால் பிளாஸ்டிக் ஓரங்களில் மங்கிய கறையாகத் தங்கும். சிவப்புக் காரில் செம்மண் கீழ்ப்பக்கம் தெரியவே தெரியாது, ஆனால் போனட் மேல் சுண்ணாம்புத் தூசியும் நீர்ப்புள்ளியும் பளிச்சென்று தெரியும். அடர் சாம்பலில் இரண்டுமே ஓரளவு தெரியும், ஆனால் எதுவும் உறுத்தாது. தூசிக்கு உண்மையில் ஏற்றது இளஞ்சில்வர்தான், அது உங்கள் முன்னால் நிற்கவில்லை. எந்த நிறமானாலும் உலர்ந்த துணியால் மட்டும் துடைக்காதீர்கள். செம்மண்ணில் மணல் பருக்கை இருக்கிறது. முதலில் தண்ணீரை நன்றாக அடித்து ஓடவிட்டு, பிறகு சோப்பு நுரையோடு மெதுவாகக் கழுவுங்கள். சுண்ணாம்பு நீர்ப்புள்ளி காய்ந்துவிட்டால் தேய்க்காமல், தண்ணீர் கலந்த வினிகரைத் தொட்டு வைத்து உடனே கழுவிவிட்டால் பெரும்பாலும் கரையும்.

இப்போது என் தொழில். கம்பெனியில் அடிக்கும் சாயம் மொத்தமே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் கனம், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் துருத்தடுப்பு, பிரைமர், நிறம், மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சு என்று எல்லாம் அடக்கம். கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். பாலிஷ் போட்டுக்கொண்டே இருந்தால் தேய்வது அந்தக் கிளியர்தான். நீங்கள் பார்த்த சிவப்பு, சோல் ரெட் கிறிஸ்டல் என்றால், சாதாரணச் சிவப்பு இல்லை. அடியில் மிக மெல்லிய அலுமினியத் துகள் கலந்த பிரதிபலிக்கும் அடுக்கு, அதன் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு அடுக்கு, அதற்கும் மேலே கிளியர். வெளிச்சம் சிவப்புக்குள் புகுந்து அடியில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அந்த ஆழம். பழுது பார்க்கும்போது நடு அடுக்கை ஒரு பூச்சு கூட அடித்துவிட்டால் பக்கத்துத் தகட்டைவிடக் கறுத்துவிடும், குறைத்தால் வெளுக்கும். பம்பர் ஓரத்தில் சின்ன உரசல் என்றாலும் பம்பரை மட்டும் அடித்து விட முடியாது. சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டுக்குள் நிறத்தைக் கரைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். முதலில் சோதனை அட்டைகளில் அடித்துக் காயவைத்து, வெயிலில் காருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்காமல் தொடுபவரிடம் இந்தச் சிவப்பைக் கொடுக்காதீர்கள்.

இதைக் கேட்டதும் அப்படியானால் சாம்பல் நல்லது என்று நினைப்பீர்கள். மெஷின் கிரே என்ற அந்தச் சாம்பலும் அதே குடும்பம்தான். அதுவும் பிரதிபலிக்கும் அடுக்கு தனியாக உள்ள மூன்றடுக்குச் சாயம். முத்து வெள்ளையும் மூன்றடுக்கு, வெள்ளைக்கு மேல் மைக்கா துகள் கலந்த அடுக்கு, பிறகு கிளியர். ஆக மூன்றில் எதை எடுத்தாலும் பழுது செலவு சாதாரண நிறத்தைவிடக் கூடுதல்தான், அதை வைத்து ஒன்றை விலக்க முடியாது. கை தவறினால் எதில் அதிகம் தெரியும் என்று கேட்டால் சாம்பலையும் சிவப்பையும் சொல்வேன். சாம்பலில் துகள் படுத்திருக்கும் திசை கொஞ்சம் மாறினால்கூட நேராகப் பார்த்தால் சரியாகவும், பக்கவாட்டில் பார்த்தால் வேறாகவும் இருக்கும். வெள்ளையில் தவறு தெரிவது மேகமூட்டமான நாளில்தான். மெல்லிய சுழல் கீறல்களும் வெள்ளையில் கண்ணுக்கே படாது.

சிவப்பு வெளுத்துப்போகுமா என்றும் யோசித்திருப்பீர்கள். இந்தப் பயம் பழைய காலத்துக் கார்களில் இருந்து வந்தது. அப்போது கிளியர் இல்லாத ஒரே அடுக்குச் சாயம், சிவப்பு நிறமி நேரடியாக வெயிலில் நின்றது, சில வருடத்தில் ரோஸ் நிறமாகிப் பவுடர் உதிர்ந்தது. இப்போது நிறமியும் மேம்பட்டுவிட்டது, மேலே புறஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியரும் இருக்கிறது. நிறம் அவ்வளவு சுலபமாகப் போகாது. முதலில் போவது கிளியர்தான், அதுவும் போனட், கூரை, பின்மூடி போன்ற மேல்நோக்கிய தகடுகளில். பால் வெள்ளையாகப் பூத்து, ஓரத்தில் உரியத் தொடங்கும். அதன் பிறகு பாலிஷும் கோட்டிங்கும் பயன்படாது, தேய்த்து மறுபடி அடிக்கவேண்டும். இது எல்லா நிறத்துக்கும் வரும், சிவப்பிலும் அடர் சாம்பலிலும் தூரத்திலிருந்தே தெரியும். செராமிக் கோட்டிங் அடித்தால் கீறலே விழாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். தண்ணீர் ஒட்டாமல் ஓடும், கழுவுவது சுலபம், அவ்வளவுதான். கல் தெறிப்பைத் தாங்க வேண்டுமென்றால் பாதுகாப்பு பிலிம் ஒட்டவேண்டும். செம்பனைக் குலை லாரிக்குப் பின்னால் அடிக்கடி போகிற ஆளுக்கு முன்பம்பரிலும் போனட் முனையிலும் அது உதவும்.

அழகைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மாஸ்டாவின் வடிவமைப்பாளர்கள் நிறத்தையும் வடிவத்தின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறார்கள். இந்தக் காரைப் பார்த்தால் அது விளங்கும். கூர்மையான கோடுகள் குறைவு, வளைவுகளில் வெளிச்சம் ஓடுவதில்தான் அழகு. நம் மதிய வெயில் உச்சியில் இருந்து கொட்டும்போது வெள்ளைக் காரில் வளைவெல்லாம் தட்டையாகிவிடும். சாம்பலில் அப்போதும் தோள்பட்டை வளைவு தெளிவாகத் தெரியும். சிவப்பு மதியத்தில் கொஞ்சம் கத்தும், மாலை ஐந்தரைக்கு மேல் அதற்கு ஈடு கிடையாது. மழை பெய்து நின்ற செம்பனைக் காட்டுப் பச்சைக்கு எதிரே அந்தச் சிவப்பு நிற்பதைப் பார்த்தால் என்னைப் போன்ற சாயக்காரனுக்கே நடை நின்றுவிடும். அதனால் மூன்று காரையும் கடையின் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வெளியே தள்ளச் சொல்லி மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை பாருங்கள். கைப்பேசிப் படத்தை வைத்தும் தீர்மானிக்காதீர்கள், சிவப்பை அது ஒருபோதும் சரியாக எடுக்காது.

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே சிவப்பு என்ற எண்ணம் இத்தாலியில் இருந்து வந்தது. முன்பு பந்தயக் கார்களுக்கு விளம்பரதாரர் நிறம் கிடையாது, நாட்டு நிறம்தான். 1903இல் கோர்டன் பென்னட் கோப்பை அயர்லாந்தில் நடந்தபோது பிரிட்டனின் நேப்பியர் கார்கள் பச்சையில் ஓடின, அந்தப் பச்சை பிரிட்டனுக்கு நிலைத்தது. பிரான்சுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு. ஜெர்மனி வெள்ளையில் இருந்து சில்வருக்கு மாறியதற்கு ஒரு கதை உண்டு. 1934இல் 750 கிலோ எடை வரம்புக்குள் வரச் சாயத்தைச் சுரண்டி எடுத்தார்கள் என்பார்கள். வரலாற்றாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. ஜப்பானுக்கு வந்தது வெள்ளை. 1965இல் மெக்சிகோவில் ஹோண்டா தன் முதல் ஃபார்முலா 1 பந்தய வெற்றியைப் பெற்றது வெள்ளைக் காரில்தான், அதன் டைப் ஆர் வேகக் கார்களின் சாம்பியன்ஷிப் வெள்ளை அந்த வெற்றியின் நினைவு. மாஸ்டாவும் தன் நூறாவது ஆண்டான 2020இல் வெளியிட்ட எம்எக்ஸ்-5 சிறப்புப் பதிப்பை முத்து வெள்ளையில்தான் செய்தது, உள்ளே அடர் சிவப்புத் தோல். 1960இன் ஆர்360 என்ற அவர்களின் முதல் பயணியர் காரின் நிறக் கூட்டு அது. ஆகவே வெள்ளை எம்எக்ஸ்-5 என்றால் ஆர்வமில்லாதவன் எடுத்தது என்று யாராவது சொன்னால் மனம் தளரவேண்டாம்.

அம்மாவின் கவலைக்கு வருகிறேன். சிவப்பு விபத்து நிறம் என்பது அவர் பயமாக இருந்தால், கிடைக்கும் ஆய்வுகளைச் சொல்கிறேன், அவை ஒன்றோடொன்று முழுக்க ஒத்துப்போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, சில்வர் கார்களுக்குக் கடும் காயம் தரும் விபத்து குறைவு என்றது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு மற்ற நிறங்களை வெள்ளையோடு ஒப்பிட்டது. கறுப்புக் கார்களுக்குப் பகலில் விபத்து வாய்ப்பு ஏறக்குறைய 12 விழுக்காடு கூடுதல் என்றது. சாம்பல், சில்வர், நீலம், சிவப்பு ஆகியவையும் வெள்ளையைவிடக் கொஞ்சம் கூடுதல். அவர்கள் சொன்ன காரணம் சாலையின் பின்னணியில் நிறம் கலந்துபோவது. அதை நான் நம்புகிறேன், ஏனென்றால் மழை நேரத்தில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் விளக்குப் போடாத சாம்பல் கார் கண்ணில் படவே படாது. எம்எக்ஸ்-5 தாழ்ந்த கார் வேறு, லாரிக்காரரின் கண்ணுக்குக் கீழே இருக்கும். அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: பயப்படவேண்டியது சிவப்புக்கு அல்ல, மழையில் சாம்பலுக்கு. சாம்பல் எடுத்தால் பகலிலும் விளக்கைப் போட்டே ஓட்டுங்கள். காப்புறுதிக் கட்டணம் நிறத்தைப் பார்த்து ஏறுவதில்லை, எந்த நிறமானாலும் ஒன்றுதான். நம்பிக்கை காரணமாகவே சிவப்பு வேண்டாம் என்றால் அதை நான் வாதாடி மாற்ற மாட்டேன். பக்கத்து இருக்கை அவருடையது.

மறுவிற்பனை பற்றி நண்பர்கள் சொல்வது சாதாரணக் கார்களுக்குச் சரி. உலகம் முழுக்கப் பத்து வருடத்துக்கு மேலாக அதிகம் விற்கும் நிறம் வெள்ளை, வாங்க ஆள் எப்போதும் இருப்பார்கள். ஆனால் இரண்டு இருக்கைக் காரைத் தேடி வருபவர் வேறு வகை ஆள். நான் கண்ட சிறு வட்டத்தில், அவர்கள் நிறத்தைவிட அடிபடாத, மறுசாயம் படாத கார்தானா என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அடுத்து வாங்கப்போகும் யாரோ ஒருவருக்காக இன்றைக்கு உங்களுக்குப் பிடிக்காத நிறத்தில் ஐந்து வருடம் ஓட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

என் முடிவைக் கேட்டால், உங்கள் வீடு இப்போது இருக்கிறபடி, மாமரத்துப் பக்கம், மேலே கூரை இல்லாமல் என்றால், அடர் சாம்பலும் பழுப்புத் தோலும் உள்ள காரை எடுங்கள். உள்ளே இருக்கும் பழுப்புக்காகத்தான் அதிகம் சொல்கிறேன். எச்சத்தை அன்றன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும், அந்த ஒரு பழக்கம் இல்லாவிட்டால் சாம்பல் உங்களைத் தண்டிக்கும். ஆனால் மரத்தைத் தள்ளி நாலு தூணும் தகரக் கூரையும் போட முடியும் என்றால் சிவப்பை எடுங்கள், மனம் போன நிறம் அதுதானே. கறுப்பு இருக்கையின் சூட்டுக்கு, காரின் கூரையைத் திறந்து நிறுத்தும்போது வெளிர் துண்டு ஒன்றை விரித்துவிட்டுப் போனால் போதும். தகரக் கூரைக்குப் பதிலாகக் கார் உறை வாங்கலாமா என்று யோசிக்கவேண்டாம். செம்மண் படிந்த காரின் மேல் உறையைப் போட்டு இழுத்தால் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். வெள்ளை மூன்றிலும் வெயிலை நன்றாகத் தாங்கும், குறையைக் காட்டாது, பாதுகாப்பும் கூட. ஆனால் நீங்கள் எழுதியதில் வெள்ளையைப் பற்றி நண்பர்கள் சொன்னது மட்டுமே இருந்தது, உங்கள் ஆசை எங்கும் இல்லை. அதனால்தான் அதைக் கடைசியில் வைக்கிறேன்.

வாங்கும் முன் சாயத்தின் கனத்தை அளக்கும் கருவி உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எம்எக்ஸ்-5இல் போனட், முன் ஃபெண்டர், பின்மூடி மூன்றும் அலுமினியம். இரும்பை மட்டும் அளக்கும் மலிவான கருவி அங்கே வேலை செய்யாது, காந்தமும் ஒட்டாது. அதை வைத்துப் போனட்டில் நசுங்கலை மறைக்கப் புட்டி மாவு அடைத்திருக்கிறார்கள் என்று யாரும் உங்களைக் குழப்பக்கூடாது. ஒரு தகடு மட்டும் 200 மைக்ரானைத் தாண்டினால் மறுசாயம் என்று சந்தேகப்படுங்கள். பம்பர் பிளாஸ்டிக், அதை ஃபெண்டரோடு சேர்த்து வெயிலில் சாய்ந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். காரின் அடையாளத் தகட்டில் உள்ள சாய எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். சோல் ரெட் கிறிஸ்டல் 46வி, அதற்கு முந்தைய சோல் ரெட் 41வி, இரண்டும் ஒன்றில்லை, பட்டறையில் மாற்றிக் கலந்துவிட்டால் சேராது. மெஷின் கிரே 46ஜி, முத்து வெள்ளை 25டி. பிறகு எப்போதாவது முழு நிறத்தையும் மாற்றினால், சாயமானாலும் ஒட்டுப்படமானாலும், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவை மாற்றிவிட்டு ஓட்டுங்கள். கிராண்டில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், ஒரு நிறமும் சாலையில் ஒரு நிறமும் இருப்பது குற்றம்.